லாயிட்டின் வாயும் ஒரு வாளிச் செர்ரியும்

லாயிட் ஹார்க்னஸுக்கு வெளியில் எதிரி என்று யாரும் கிடையாது. இருந்த ஒரே எதிரி அவருடைய மூக்குக்குக் கீழேயே குடியிருந்தது. பூமியின் தென்கோடித் தீவு ஒன்றில் இருக்கிற ஹோபார்ட் நகரத்தில் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். ஒட்டிய டைல்ஸ் ஒன்று உதிர்ந்தது என்று இதுவரை புகார் வந்ததில்லை. ஆனால், “இந்தப் பச்சையை நீங்களாத்தான் எடுத்தீங்களா, இல்ல உங்க மேல கோவமா இருக்கற யாராவது எடுத்துக் குடுத்தாங்களா?” என்று வீட்டுக்காரரையே கேட்கிற ஆளை அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்? யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்று சும்மாவா சொன்னார்கள்.

தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகன் கேலம் இதற்கு முன்னால் பழகிய பெண்ணின் வீட்டில் இவர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா பன்றி இறைச்சி வறுவலைப் பரிமாறிவிட்டு, எல்லா அம்மாக்களும் கேட்பதுபோல, “எப்படி இருக்கு?” என்று கேட்டாள். லாயிட் நன்றாக மென்று, யோசித்து, “என் ஷூவை அடுப்புல வெச்சிருந்தாலும் இந்தப் பதம்தான் வந்திருக்கும்” என்றார். அந்தப் பெண்ணோடு இருந்த பழக்கம் அடுத்த மாதம் வரைகூடத் தாங்கவில்லை. கேலம் அதன்பிறகு பல மாதம் அப்பாவின் போனை எடுக்கவே இல்லை. லாயிட் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அது அவருக்கு நிஜமாகவே வலித்தது. மகன் எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மணி அடிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது கேலமுக்கு ரோவீனா என்ற பெண் அமைந்திருந்தாள். கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. ஹுவான் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டத்தோடு வீடு. அவளுடைய அப்பா கிளைவும் அம்மா யுவோனும் புத்தாண்டு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். சம்பந்தி என்ற உறவுக்கு அவர்கள் பேச்சில் தனிச் சொல் கிடையாது. சொல் இல்லாவிட்டால் என்ன, முதல் தடவை பார்க்கப் போகும்போது வருகிற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

முந்தின நாள் கேலம் போன் செய்தான். “அப்பா, நீ நல்லவன்தான். அது எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே. சொல்லியே ஆகணும்னு தோணுச்சுன்னா எதையாவது எடுத்து வாயில போட்டுக்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, அம்மாவையும் தங்கச்சி பிரைனியையும் மட்டும் வரச் சொல்றேன்.”

“முடியும்டா” என்றார் லாயிட். மகன் கேட்டு இவர் மறுத்த விஷயம் ஒன்று உண்டா? வாயைத் தவிர.

மறுநாள் கார் பாதி தூரம் போனபின்தான் மனைவி மார்லீனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“ஒயின் பாட்டிலை எடுத்தியா?”

“நீ எடுத்தேன்னு நெனச்சேன்.”

“நான் உன் வாயைப் பாத்துக்கறதா, பாட்டிலைப் பாத்துக்கறதா?”

பின் இருக்கையிலிருந்து பதினாறு வயது மகள் பிரைனி, “அது ஃப்ரிட்ஜுக்குள்ள தனியா உக்காந்து புத்தாண்டு கொண்டாடிட்டிருக்கும்” என்றாள்.

புத்தாண்டு அன்று வழியில் ஒரு கடையும் திறந்திருக்காது. பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போவதைவிடக் காரை ஆற்றில் விடலாம் என்று மார்லீன் புலம்பிக்கொண்டிருந்தபோது, சாலை ஓரத்தில் ஒரு பலகை தெரிந்தது. ‘மிக் பண்ணை. செர்ரி. நீங்களே பறித்துக்கொள்ளலாம். தின்பது இலவசம்.’ பலகையில் ஓர் ஆணி போய்விட்டதால் அம்புக்குறி நேரே பூமியைக் காட்டித் தொங்கியது.

“தோண்டி எடுக்கணும் போல” என்றார் லாயிட்.

“இடது பக்கம் திரும்பு” என்றாள் மார்லீன்.

“எப்படித் தெரியும்?”

“வலது பக்கம் மேடு. யாராவது மேட்டுல செர்ரி வெப்பாங்களா?”

செர்ரியை மேட்டில்தான் வைப்பார்கள். ஆனால் மார்லீன் அவ்வளவு திடமாகச் சொன்னபின் திரும்பாமல் இருக்க லாயிட்டுக்கு என்ன, இரண்டு தலையா?

மண் பாதை ஒரு மரக் கதவில் போய் முடிந்தது. பூட்டில்லை. உள்ளே வரிசை வரிசையாக ஆப்பிள் மரங்கள், காய்கள் இன்னும் பச்சையாக. அவற்றுக்குப் பின்னால், வானத்தை மறைத்து நின்ற பெரிய யூகலிப்டஸின் அடியில், ஒரே ஒரு செர்ரி மரம். மரம் முழுக்க வலை போர்த்தி, வலையின் ஓரங்களைச் சிவப்பு ரிப்பனால் பூப்போல முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. கிளையில் தொங்கிய ரேடியோவில் யாரோ ஒருவர் ரோஜாச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தார். மரத்தடியில் மெத்தை போட்ட ஒரு நாற்காலி. பக்கத்தில் ஒரு பிளாஸ்க், ஒரு பிஸ்கட் டப்பா. மனித வாடையே இல்லை.

“பண்ணைன்னு போட்டிருக்கான், ஒத்தை மரம் நிக்குது?” என்றார் லாயிட்.

“மத்த மரமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கும், கிறிஸ்துமஸுக்கே பறிச்சு முடிச்சிருப்பாங்க. எவ்வளவு மரியாதையான எடம் பாரு. உக்கார நாற்காலி, ரேடியோ, டீ!”

“காசு யார்கிட்டக் குடுக்கறது?”

“டப்பா இருக்கே.”

இதில் மார்லீனைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்கள் முட்டையோ எலுமிச்சையோ ஆளைப் பார்த்து வாங்கியதில்லை. தோட்டத்து வாசலில் சரக்கு இருக்கும், பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். டப்பாவைக் கண்டால் காசு போடுவது அவர்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை. பிரைனி மூடியைத் திறந்தாள். உள்ளே இஞ்சி பிஸ்கட். ஒன்றை எடுத்துக் கடித்தாள்; லாயிட் ஒரு நோட்டை உள்ளே வைத்து மூடினார். வியாபாரம் முடிந்தது.

காரின் பின்பக்கத்தில் டைல்ஸ் பசை கலக்கும் வாளி ஒன்று கழுவிக் காயவைத்து இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, ரிப்பனை அவிழ்த்து, மூன்று பேரும் வலைக்குள் புகுந்தார்கள். மார்லீன் வெள்ளைக் கவுனை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உத்தரவு போட்டாள். “காம்போட பறி, லாயிட். காம்பு இல்லாட்டி உதிர்ந்ததைப் பொறுக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்.”

லாயிட் முதல் பழத்தை வாயில் போட்டார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“மார்லீன், புளிக்குது.”

“தின்னாதே, பறி.”

“இல்ல, ரொம்பப் புளிக்குது. பண்ணைக்காரனைத் தேடிப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா...”

“இன்னிக்கு நீ யார்கிட்டயும் ஒரு வார்த்தையும் சொல்லப் போறதில்ல.”

பிரைனி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, ஒரு பழத்தைக்கூடப் பறவை கொத்தல.”

“வலை போட்டிருக்கு இல்ல.”

“வலைல பாரு, என் தலை போற அளவு ஓட்டை. கிளி போகாதா?”

அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மரம்தான் பெரிது, காய்ப்பு சொற்பம். பாதியில் விட்ட வேலை லாயிட்டுக்கு ஆகாது என்பதால் உச்சிக் கிளைவரை துடைத்து எடுத்தார். ஒரு வாளி தேறியது. கிளம்பும்போது ரிப்பன்களை முன்பு இருந்ததுபோலவே பூ முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். நல்ல வளர்ப்பு.

பெரிய சாலைக்குத் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, கிளைவின் வீட்டு முன்வாசலில் போய் இறங்கியபோது கேலம் படியிலேயே நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் அப்பாவின் வாயைப் பார்த்தான். அதைக் கண்டதும் லாயிட் உதட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டதாகச் சைகை காட்டினார்.

கிளைவ் ஒட்டடைக் குச்சிபோல நெட்டையான மனிதர். கழுத்தில் டை கட்டியிருந்தார். அதை யுவோன் பலவந்தமாகக் கட்டிவிட்டாள் என்பது அவர் அதை இழுத்துவிட்டுக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. துணி போட்டு மூடிய வாளியை மார்லீன் நீட்டினாள். “வழியில பறிச்சோம். செர்ரி.”

“மிக்கோட பண்ணையிலயா?” கிளைவின் முகத்தில் பரிதாபம் பொங்கியது. “ஐயோ பாவம். அவனோடது வெறும் தண்ணி. வாங்கி உள்ள வை, யுவோன். இன்னிக்கு அதுக்கு வேலை இருக்காது.”

சாப்பாட்டு மேசையில் ஆட்டுக்கறி வறுவல், உருளைக்கிழங்கு, பட்டாணி, புதினாச் சாறு. கிளைவ் பேசினார், மார்லீன் பேசினாள், ரோவீனா கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசினாள். லாயிட் தின்றார். சொல் ஒன்று கிளம்பி நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் ஓர் உருளைக்கிழங்கை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினார். உருளைக்கிழங்கு நடுவில் வேகவில்லை. அந்த உண்மையையும் உருளைக்கிழங்கோடு சேர்த்தே விழுங்கினார். கேலம் அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக லாயிட் மண்ணைக்கூடத் தின்றிருப்பார்.

“சாப்பாடு முடியட்டும்” என்றார் கிளைவ். “அப்புறம் ஒண்ணு இருக்கு.”

“அப்பா, ஆரம்பிச்சுட்டியா” என்றாள் ரோவீனா.

“ஆரம்பிக்காம? இவ பொறந்த அன்னிக்கு நட்ட மரம். செர்ரி. இருபத்தாறு வருஷம் ஆச்சு. இதுல வேடிக்கை என்ன தெரியுமா? நான் அதை ருசி பாத்ததே கிடையாது. செர்ரி என் வாய்ல பட்டா உதடு பூரி மாதிரி வீங்கிடும். ஆனா தின்னவங்க எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தை. தேன்! என்ன, யுவோன்?”

“தேன்” என்றாள் யுவோன், பட்டாணியைப் பார்த்தபடி.

“இந்த வருஷம் ஒண்ணுகூட யாருக்கும் குடுக்கல. எல்லாம் உங்களுக்குத்தான். வலை போட்டு, செவப்பு ரிப்பன் கட்டி, பொண்ணுக்குச் சிங்காரிச்ச மாதிரி வெச்சிருக்கேன். நாற்காலி போட்டுப் பகல் பூரா நானே காவல். நான் இல்லாத நேரம் ரேடியோ பேசும். மனுஷக் குரல் கேட்டா கிளி அண்டாது. இத்தனை வருஷத்துல ஒரு கிளி கொத்தினதில்ல! இன்னிக்குக் காலைலகூட அங்கதான் இருந்தேன். குளிச்சுட்டு டை கட்டுன்னு இவதான் இழுத்துட்டு வந்தா.”

லாயிட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. மார்லீனின் முகம் அவள் கவுனின் நிறத்துக்கு வந்தது. பிரைனிக்குப் புரை ஏறியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியோ அப்படி மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். பிள்ளையாருடைய தேங்காயையே எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையாருக்கே உடைத்தவர் லாயிட் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மேசைக்கடியில் மார்லீனின் குதிகால் அவர் பாதத்தின்மேல் இறங்கியது. அதற்கு ஒரே அர்த்தம்தான். வாயைத் திறந்தாயோ, தொலைந்தாய்.

யுவோன் பாவ்லோவாவைக் கொண்டுவந்து வைத்தாள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துச் சுட்டு, மேலே கிரீமைக் குவித்திருந்தாள். பழம் வைக்கிற இடம் மட்டும் காலி. “கிளைவ் பறிச்சுட்டு வந்தாத்தான் இதுக்கு உயிர்” என்றாள். கிளைவ் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி பின்வாசல் வழியாகப் போனார்.

திரும்பி வரும்போது சீட்டி இல்லை. கிண்ணத்தில் ஒரு பணநோட்டு மட்டும் கிடந்தது.

“ஒண்ணுகூட இல்ல” என்றார். குரல் உடைந்திருந்தது. “வலையை அவுத்து, மொட்டை அடிச்சு, திரும்ப ரிப்பனைக் கட்டிட்டுப் போயிருக்கான். பிஸ்கட்டைத் தின்னுட்டு டப்பாவுல காசு வேற! எம்மேல எவ்வளவு எளக்காரம்!”

“கிளைவ், உக்காரு...”

“மிக்கோட ஆளுங்கதான். போர்டை ஒழுங்கா ஆணி அடின்னு வருஷா வருஷம் சொல்றேன். வேணும்னே என் தோட்டத்துக்குள்ள அனுப்பறான். போனைக் குடு, யுவோன். என் குட்டையிலேர்ந்து அவன் பண்ணைக்குத் தண்ணி போகுதே, அந்தக் குழாயை இன்னிக்கே மூடறேன். இந்த வெயில்ல காயட்டும்!”

லாயிட்டின் காலில் குதிகால் அழுந்தியது. கேலம் அப்பாவைப் பார்த்தான். பிரைனியின் விரலில் இருந்த சிவப்புக் கறையைப் பார்த்தான். மறுபடி அப்பாவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

லாயிட் கையை நீட்டினார். உருளைக்கிழங்குத் தட்டு காலி. பட்டாணியும் தீர்ந்திருந்தது. வாயில் போட மேசையில் ஒன்றுமே இல்லை. மிக் என்பவன் யார், கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் தான் பறித்த பழத்துக்கு அவன் தோட்டம் காயப்போகிறது.

“கிளைவ்” என்றார். “மிக் இல்ல. நாங்கதான்.”

மார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். கேலம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். லாயிட் எல்லாவற்றையும் சொன்னார். மறந்துபோன ஒயின், பூமியைக் காட்டிய அம்பு, ரோஜா நோய் ரேடியோ, உச்சிக் கிளை. யுவோன் எழுந்துபோய் வாளியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துத் துணியை விலக்கினாள். வாளியின் வெளிப்புறத்தில் ‘குளியலறைப் பசை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கிளைவ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பழத்தைக் காம்போடு எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“தின்னீங்களா?”

“தின்னேன்.”

“எப்படி இருந்துச்சு?”

அந்தக் கேள்விதான். பன்றி வறுவல் மேசையில் வந்த அதே கேள்வி.

“தேன் மாதிரி இருந்திருக்கும்பா” என்று ரோவீனா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

“உன்னைக் கேக்கல.”

தேன் என்று சொல்லத்தான் லாயிட் வாயைத் திறந்தார். மகனுக்காக, சத்தியமாக அதைத்தான் நினைத்தார். நாக்கு வேறு வேலை பார்த்தது.

“புளிப்பு. காது வரைக்கும் கூசற புளிப்பு. ஆப்பிள் வினிகரே இதுகிட்டப் பிச்சை வாங்கணும்.”

யுவோனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விம்முகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கை துடைக்கும் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யுவோன்?” என்றார் கிளைவ்.

“பின்னாடி அந்த யூகலிப்டஸ், கிளைவ். மரத்து மேல வெயிலே படறதில்ல.”

“ரோவீனா?”

“எனக்காக நட்டது அது. உன்கிட்ட எப்படிப்பா சொல்றது?”

“வருஷா வருஷம் கிண்ணம் கிண்ணமாக் காலியாச்சே! யார் தின்னா?”

“கோழி” என்றாள் யுவோன். “அதுவும் தவிட்டுல கலந்து வெச்சாத்தான் தொடும்.”

“அதான் என்னைப் பாத்தாலே கூண்டுக்குள்ள ஓடுதுங்களா?” கிளைவ் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்போ கிளிங்க?”

ரோவீனா தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

“ரேடியோவுக்குப் பயப்படுதுன்னு நெனச்சேன்” என்றார் கிளைவ்.

அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, முகமே சொன்னது. கிளிகூட வேண்டாமென்று விட்டுப்போன மரத்துக்கு இருபத்தாறு வருஷம் காவல் இருந்தவர் வேறு எப்படி இருப்பார்? பழத்தை வாளியில் திரும்பப் போட்டார். டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். லாயிட்டின் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, இந்த வீட்டுல ஒருத்தன் எங்கிட்ட உண்மை பேசறதுக்கு, என் பழத்தைத் திருடினவன்தான் வரவேண்டியிருந்துச்சா?”

“அப்படித்தான் ஆயிடுச்சு” என்றார் லாயிட்.

கிளைவின் நெட்டை உடம்பு முதலில் தோளில் குலுங்கியது, அப்புறம் முழுவதுமாகக் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த யூகலிப்டஸை வெட்டணும். உங்கிட்ட ரம்பம் இருக்கா?” என்று கேட்டார்.

“டைல்ஸ் வெட்டறதுதான் இருக்கு.”

“பிஸ்கட் நல்லா இருந்துச்சு” என்றாள் பிரைனி, தன் பங்குக்கு.

எல்லாரும் மூச்சுவிட்ட அந்த நேரத்தில்தான் யுவோன் கை துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “லாயிட்” என்றாள். “என் ஆட்டுக்கறி எப்படி இருந்துச்சு?”

மார்லீனின் குதிகால் பழைய இடத்துக்குப் போனது. லாயிட் மகனைப் பார்த்தார். கேலம் முகத்திலிருந்து கையை எடுத்திருந்தான்.

“சொல்லுப்பா” என்றான்.

லாயிட் யோசித்தார். அவசரப்படாமல், நியாயமாக யோசித்தார். “இவ்வளவு நல்ல ஆட்டுக்கறி நான் எந்த மேசையிலயும் சாப்பிட்டதில்ல” என்றார்.

யுவோனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கிளைவ் இதே வார்த்தையைத்தான் ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இன்றைக்கு நம்பினாள். பொய் சொல்லத் தெரியாத வாயிலிருந்து வந்ததாயிற்றே.

“ஆனா உருளைக்கிழங்குதான்...” என்று லாயிட் தொடங்கினார்.

கேலம் வாளிக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய செர்ரியாகப் பார்த்து எடுத்து, மறுகையை அப்பாவின் தோளில் ஊன்றி, அவர் வாயில் போட்டான். லாயிட் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கொட்டையைத் துப்பிய பிறகும், மகனின் அந்தக் கை அவர் தோளைவிட்டு இறங்கவில்லை.